பிரிவுக்கு முன் ஒரு சொல்: பாரிஸ் நகரில் ‘பச்சை வீடு’ பிறந்த வரலாறு

பாரிஸ் நகரின் பதினைந்தாம் வட்டாரத்தில், சேன் ஷார்ல் சதுக்கத்தில், 1979-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் ஓர் எளிய இல்லம் திறக்கப்பட்டது. கைக்குழந்தைகளும், பள்ளி செல்லும் பருவத்தை இன்னும் எட்டாத சிறுவர் சிறுமியரும் தத்தம் தாய் தந்தையருடன் பிற்பகல் வேளைகளில் அங்கு வந்து, விரும்பிய நேரம்வரை இருந்துவிட்டுப் போகலாம். முன்பதிவு தேவையில்லை. குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. வந்த காரணத்தையும் எவரும் கேட்பதில்லை. ‘மெசோன் வெர்த்’ என்பது அந்த இல்லத்தின் பெயர். பச்சை வீடு என்பது அதன் பொருள்.

இதை உருவாக்கிய சிறு குழுவின் முதன்மையானவர் பிரான்சுவாஸ் தொல்தோ என்னும் பெண் மருத்துவர். அப்போது அவருக்கு வயது எழுபது. பாரிஸிலுள்ள துரூசோ குழந்தைகள் மருத்துவமனையில் 1940 முதல் 1978 வரை, முப்பத்தெட்டு ஆண்டுகள், குழந்தைகளையும் பெற்றோரையும் சந்தித்து ஆலோசனை வழங்கியவர் அவர். ஓய்வு பெற வேண்டிய வயதில், மருத்துவமனைக்கு வெளியே, குடும்பங்கள் வாழும் தெருவிலேயே இப்படியோர் இடம் வேண்டும் என்று அவர் ஏன் எண்ணினார்? நோயாளிகளையும் அவர்தம் குடும்பத்தாரையும் நெருங்கித் தொடும் வினா இது.

வளர்ப்பு மருத்துவர் ஆக விரும்பிய சிறுமி

தொல்தோ 1908-ஆம் ஆண்டு பாரிஸில், வசதியான கத்தோலிக்கக் குடும்பமொன்றில், ஏழு பிள்ளைகளுள் நான்காமவராகப் பிறந்தார். அவரைச் சீராட்டி வளர்த்தவர் அயர்லாந்து நாட்டுச் செவிலி ஒருவர். குழந்தைக்கு ஓராண்டு நிறைவதற்கு முன்பே அந்தச் செவிலி வேலையிலிருந்து அனுப்பப்பட்டார். அதன்பின் குழந்தை கடுமையான நுரையீரல் அழற்சியால் உயிருக்குப் போராடியது. தாய் அதைத் தம் மார்போடு அணைத்தபடியே இருந்து காப்பாற்றினார். பழகிய முகத்தை இழந்ததே அந்நோய்க்கு வழிவிட்டது என்று பிற்காலத்தில் தொல்தோ கருதினார். அதை இன்று எவராலும் மெய்ப்பிக்க இயலாது. ஆயினும் அந்த எண்ணம் அவருடைய வாழ்நாள் பணிக்கு வித்தாக அமைந்தது.

எட்டு வயதுச் சிறுமியாக இருந்தபோது, ‘வளர்ப்பு மருத்துவர்’ ஆகப் போவதாக அவர் வீட்டாரிடம் கூறினாராம். அப்படியொரு மருத்துவர் உலகில் இல்லை. குழந்தைகளின் நோய்களுள் சில, வளர்ப்பிலும் வீட்டுச் சூழலிலும் எழும் இடர்களிலிருந்து வருகின்றன என்பதை அறிந்த மருத்துவர் என்று அச்சிறுமி விளக்கம் தந்தாள். பன்னிரண்டு வயதை எட்டும் முன்பே அக்குடும்பத்தில் பேரிடி விழுந்தது. பதினெட்டு வயது மூத்த சகோதரி எலும்புப் புற்றுநோயால் இறந்தார். தாயின் துயரம் நெடுங்காலம் அவ்வீட்டை இருளில் ஆழ்த்தியது. நோய் ஒருவருடைய உடலில் தோன்றினாலும் அதன் சுமையை வீடு முழுவதும் சுமக்கிறது என்பதை அவர் ஏட்டில் படிப்பதற்கு முன்பே வீட்டில் கண்டுகொண்டார்.

பெண் மேற்படிப்புப் படித்தால் திருமணம் தடைப்படும் என்று அஞ்சிய குடும்பத்தின் தயக்கத்தைக் கடந்து, முதலில் செவிலியர் பட்டயமும் பின்னர் மருத்துவப் பட்டமும் பெற்றார். உளப்பகுப்பாய்வையும் குழந்தை மருத்துவத்தையும் இணைத்துத் தம் ஆய்வேட்டை 1939-இல் அளித்தார்.

மருத்துவமனை கற்பித்த பாடம்

படுக்கையை நனைக்கும் குழந்தை, உண்ண மறுக்கும் குழந்தை, உரிய வயதிலும் பேசாத குழந்தை, இரவெல்லாம் உறங்காத குழந்தை எனப் பலரும் துரூசோ மருத்துவமனையில் அவரிடம் வந்தனர். அவர் பெற்றோரிடம் மட்டும் பேசி அனுப்பிவிடாமல் குழந்தையிடமும் நேரடியாகப் பேசினார். பேச்சு வராத கைக்குழந்தையாயினும், அதன் பெயரைச் சொல்லி அழைத்து, அதன் வாழ்வில் நடந்ததை எளிய சொற்களில் அதனிடமே கூறினார். அக்காலத்தில் இது பலருக்கும் விந்தையாகத் தோன்றியது.

அன்றைய மருத்துவமனைகளின் நிலையை இங்கே நினைவுகூர வேண்டும். குழந்தையை உள்நோயாளியாகச் சேர்த்தால் பெற்றோர் வெளியேறிவிட வேண்டும். குறித்த நாளில், குறித்த நேரத்தில் மட்டுமே வந்து பார்க்கலாம் என்பதே ஐரோப்பாவின் பல நாடுகளில் விதியாக இருந்தது. தாயைக் கண்டால் குழந்தை அழும், ஆகவே காணாதிருப்பதே நல்லது என்று மருத்துவர்கள் நம்பினர். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952-இல் எடுத்த ஆவணப்படம் இந்நம்பிக்கையை அசைத்தது. இரண்டு வயது ஐந்து மாதமான லாரா என்னும் சிறுமி, தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்ததை அப்படம் பதிவு செய்தது. அச்சிறுமி பெரும்பாலும் அமைதியாகவே இருந்தாள். ஆனால் வீடு திரும்பும் நாளில் தாய் நீட்டிய கையைப் பற்ற மறுத்தாள். அமைதியாக இருக்கும் குழந்தைக்குத் துயரம் இல்லை என்று கொள்ளலாகாது என்பதை அக்காட்சி உணர்த்தியது. 1959-இல் வெளிவந்த பிளாட் குழு அறிக்கை, குழந்தைகள் பிரிவில் பெற்றோர் தடையின்றி வந்து செல்ல வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று நாம் இயல்பாகக் கருதும் ‘உடனிருப்போர்’ உரிமைக்குப் பின்னே இத்தகைய நீண்ட போராட்டம் உள்ளது.

பிரிவு மருத்துவமனையில் மட்டும் நேர்வதன்று. பிரான்சில் குழந்தைக் காப்பகங்களின் வரலாறு 1844-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. மகப்பேற்று விடுப்பு முடிந்ததும் இரண்டரை, மூன்று மாதக் குழந்தையைக் காப்பகத்தில் ஒப்படைத்துவிட்டுத் தாய் பணிக்குச் செல்வது 1970-களில் மேலும் பரவலாயிற்று. ஒருநாள் காலை, முன்னறிவிப்பு எதுவுமின்றி, அறியாத கைகளில் குழந்தை ஒப்படைக்கப்படும். மாலையில் தாய் ஓடிவந்து அணைக்கும்போது அது வீறிட்டழும். அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தாயோ தன் மீதே குற்றம் சுமத்திக்கொண்டு வீடு திரும்புவாள்.

குழந்தையை வீட்டிலேயே வைத்து வளர்த்த தாய்மாருக்கும் வேறொரு துன்பம் இருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில், கணவர் பணிக்குச் சென்றபின், பாட்டியோ அண்டை வீட்டாரோ அருகில் இல்லாமல், நாள் முழுதும் கைக்குழந்தையுடன் தனித்திருத்தலே அத்துன்பம்.

பல ஆண்டுகள் கழித்து மருத்துவமனைக்கு வந்துசேரும் குழந்தைகளின் இடர்கள், இத்தகைய சிறு தொடக்கங்களிலிருந்து வளர்ந்தவை என்று தொல்தோ கண்டார். வேர் விட்டபின் பிடுங்குவதைவிட, முளைக்கும் முன்னரே துணை நிற்பது எளிது. அதற்குரிய இடம் மருத்துவமனை ஆகாது; நோய் என்று பெயர் சூட்டப்படாத நிலையிலேயே மக்கள் தயக்கமின்றி நுழையக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும்.

கடிதங்கள் காட்டிய தேவை

இத்தேவை எவ்வளவு பரந்தது என்பதை வானொலி காட்டியது. 1976 முதல் 1978 வரை ‘பிரான்ஸ் அன்தேர்’ வானொலியில், பெற்றோரின் கடிதங்களுக்கு அவர் விடையளித்தார். தொலைபேசியில் கேட்பதைவிடக் கடிதமாக எழுதுமாறு அவர் பெற்றோரை வேண்டினார். தம் இடரை எழுத்தில் வடிக்க முயலும்போதே பலருக்குப் பாதித் தெளிவு பிறந்துவிடும் என்பது அவர் கருத்து. கடிதங்கள் குவிந்தன. நாடெங்கும் பெற்றோர் தனித்தனியே ஒரே கவலையைச் சுமந்துகொண்டிருப்பதும், தம்மைப் போலவே பிறரும் தவிக்கின்றனர் என்பதை அவர்கள் அறியாதிருப்பதும் அக்கடிதங்களில் வெளிப்பட்டன.

கதவு திறந்தது

பெர்னார் தீஸ், பியேர் பெனுவா, மரி எலென் மலாந்த்ரேன் உள்ளிட்ட தோழர்களுடன் சேர்ந்து தொல்தோ அந்த இல்லத்தைத் திட்டமிட்டார். அக்குழுவில் உளப்பகுப்பாய்வாளரும் இருந்தனர். குழந்தைகளோடு நாள்தோறும் பழகிய கல்வியாளரும் இருந்தனர். அவர்கள் வகுத்த நெறிகள் சிலவே. ஆனால் ஒவ்வொன்றும் நெடிய சிந்தனையின் பயன்.

முதல் நெறி, குழந்தையை அழைத்து வந்தவர் அதனை விட்டுவிட்டுச் செல்லலாகாது என்பது. தாயோ தந்தையோ பாட்டியோ, எவராயினும் குழந்தை இருக்கும்வரை உடனிருக்க வேண்டும். இதனால் அந்த இல்லம் காப்பகத்தினின்று வேறுபட்டது.

இரண்டாவது, பெயரைப் பற்றியது. வாயிலில் நுழைந்ததும் வரவேற்பாளர் முதலில் குழந்தையைப் பார்த்து வணக்கம் கூறுவார். அதன் பெயரைக் கேட்டுக் கரும்பலகையில் எழுதுவார். பெற்றோரின் பெயரோ முகவரியோ தொழிலோ கேட்கப்படுவதில்லை. எவரைப் பற்றியும் கோப்பு தொடங்கப்படுவதில்லை. ‘நல்ல தாய்’, ‘பொறுப்பற்ற தந்தை’ என்று எங்கோ ஏட்டில் பதிவாகிவிடுமோ என்ற அச்சமின்றி, ஏழையும் செல்வரும் ஒரே கம்பளத்தில் அமர இந்நெறி வழிசெய்தது.

மூன்றாவது, வரவேற்பாளர்களைப் பற்றியது. நாளொன்றுக்கு மூவர் பொறுப்பேற்பர். அவர்களுள் ஒருவரேனும் ஆணாக இருப்பார். குழந்தை வளர்ப்பு பெண்களின் உலகம் என்று ஒதுங்கி நிற்கும் தந்தையர்க்கு, உள்ளே ஓர் ஆடவரைக் கண்டால் தயக்கம் குறையும். நாள்தோறும் குழு மாறுவதால், எந்தத் தாயும் ஒரே ஒருவரைச் சார்ந்து நிற்கும் நிலை எழாது.

நான்காவது, கட்டணம். ஒவ்வொருவரும் தமக்கு இயன்ற சிறு தொகையைச் செலுத்துவர்; எவ்வளவு என்பது அவரவர் விருப்பம். இரவலாகப் பெறும் உதவியாக அது தோன்றாமலிருக்க இந்த ஏற்பாடு.

பாடத்திட்டம் எதுவும் அங்கில்லை. பொம்மைகளும் படப்புத்தகங்களும் சாய்ந்தமரத் திண்டுகளும் உண்டு. பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பர், குழந்தைகள் ஆடிக்கொண்டிருப்பர். வரவேற்பாளர்கள் நோயறிதல் செய்வதில்லை. கேளாமல் அறிவுரை கூறுவதுமில்லை. தன் குழந்தை மட்டுமே பிறரைக் கடிக்கிறது என்று நாணித் தலைகுனிந்திருந்த தாய், அருகிலிருக்கும் மற்றொரு தாயும் அதையே சொல்லக் கேட்டால், அதுவே பாதி மருந்தாகும்.

சிவப்புக் கோடும் நீர்த்தொட்டியும்

குழந்தைகளுக்கென்று இரண்டு விதிகள் உண்டு. தரையில் ஒரு சிவப்புக் கோடு வரையப்பட்டிருக்கும். மூன்று சக்கர வண்டியையும் பிற உருள் வண்டிகளையும் அக்கோட்டின் ஒரு பக்கத்தில் மட்டுமே ஓட்டலாம். நீர்த்தொட்டியில் விளையாட வேண்டுமாயின், ஆடை நனையாதிருக்க நீர்புகா மேலாடை அணிந்துகொள்ள வேண்டும்.

இவ்விரண்டையும் கடந்து பார்க்காத குழந்தை இல்லை. வண்டியைக் கோட்டின் விளிம்புவரை ஓட்டிவந்து, முன்சக்கரத்தை மட்டும் அப்பால் வைத்து, பெரியவர் முகத்தை நிமிர்ந்து நோக்கும் குழந்தையை நாமும் நம் வீட்டில் வேறு வடிவில் கண்டிருப்போம். வரவேற்பாளர் அதட்டுவதில்லை, அடிப்பதில்லை, கண்டுகொள்ளாமலும் இருப்பதில்லை. அந்த விதி இங்கு எல்லோருக்கும் உரியது என்று அமைதியாக நினைவூட்டுவார். மேலாடை அணிய மறுத்தால், அணிய விரும்பும் நாளில் நீரில் விளையாடலாம் என்பார். குழந்தை முரண்டு பிடிக்கும், அழும், ஒருநாள் தானே மேலாடையைக் கேட்டு வாங்கும்.

விதி யாருடைய சினத்திலிருந்தும் பிறந்ததன்று. அனைவரும் ஒன்றாக வாழ்வதற்கானது என்பதைக் குழந்தை அங்கே கற்கிறது. ‘வேண்டாம்’ என்று சொல்வதும் அன்பைக் கைவிடாமல் இருப்பதும் ஒருசேர இயலும் என்பதைப் பெற்றோர் கற்கின்றனர்.

பிரிவைப் பழக்குதல்

பச்சை வீட்டின் உயிர்நாடி இப்பகுதியே. ஏறத்தாழ எட்டாம் மாதத்திலிருந்து குழந்தைக்குப் பழகிய முகமும் அறியா முகமும் வேறு வேறு என்பது தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது. கண்ணிலிருந்து மறையும் தாய் திரும்பி வருவாள் என்ற உறுதி இன்னும் வேரூன்றவில்லை. ஆகவே பிரிவு அதற்குப் பேரச்சம் தருகிறது. இது நோய் ஆகாது. வளர்ச்சியின் ஒரு படி.

அச்சத்தை எதிர்கொள்ளக் குழந்தைக்குப் பயிற்சி வேண்டும். பச்சை வீட்டில், தாய் அருகிலிருக்கும்போதே வரவேற்பாளர் குழந்தையிடம் பேசுவார். சில நாட்களில் அம்மா வேலைக்குச் செல்வார், அப்போது வேறு சிலர் உன்னைப் பார்த்துக்கொள்வர், அவர்கள் உன் அம்மா அல்லர், மாலையில் அம்மா வந்து அழைத்துச் செல்வார் என்று தாயின் முன்னிலையில் அதற்குச் சொல்லப்படும். தாய் கழிப்பறைக்குச் செல்வதாயினும் குழந்தையிடம் சொல்லிவிட்டே செல்ல வேண்டும். இவ்வாறு முன்பே பழகிய குழந்தைகள் காப்பகத்துக்குச் சென்றபோது எளிதில் இசைந்தனர் என்று தொல்தோ கூறினார்.

கைக்குழந்தைக்குச் சொல் விளங்குமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. பிறந்து மூன்று நாட்களே ஆன குழந்தைகள் பிறருடைய குரலைவிடத் தம் தாயின் குரலையே நாடுகின்றன என்பதை 1980-இல் ஆன்டனி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் ஆகியோர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு காட்டியது. குழந்தை உறிஞ்சும் விதத்தை மாற்றி, தாயின் குரல்பதிவைக் கேட்டது. குரலை அறிவதும் பொருளை அறிவதும் ஒன்றல்ல. எனினும் உண்மையைச் சொல்லும்போது தாயின் குரலில் படரும் அமைதியையும், மறைக்கும்போது அவள் உடலில் தோன்றும் பதற்றத்தையும் குழந்தை உணர்கிறது என்பதைத் தாய்மார் அனைவரும் அறிவர்.

தொல்தோவின் கோட்பாடுகள் அனைத்தையும் இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. அவருடைய கருத்துகள் சில கடும் கண்டனத்துக்கும் ஆளாயின. ஆனால் அவர் தொடங்கிய இல்லம் அவருக்குப் பின்னும் நிலைத்தது. அவர் 1988-இல் மறைந்தார். அதே நெறியில் அமைந்த குழந்தை-பெற்றோர் வரவேற்பு இல்லங்கள் இன்று பிரான்சில் ஆயிரத்துக்கும் மேற்பட்டு இயங்குகின்றன. குடும்ப நல நிதியமும் அவற்றுக்குத் துணை நிற்கிறது. பெல்ஜியம், சுவிட்சர்லாந்து, ரஷ்யா முதலிய நாடுகளிலும் அவ்வழியில் இல்லங்கள் தோன்றின.

மருத்துவமனை வாயிலில் நாம் செய்யத்தக்கவை

இவ்விதழை வாசிக்கும் உங்களுள் சிலர் நோயுற்ற குழந்தையின் அருகில் அமர்ந்திருக்கலாம். சிலர் தாமே சிகிச்சை பெற்றுக்கொண்டு, வீட்டில் விட்டுவந்த குழந்தையை எண்ணிக் கலங்கிக்கொண்டிருக்கலாம். பச்சை வீட்டின் பட்டறிவிலிருந்து உங்களுக்குப் பயன்படக்கூடியவை சில:

• குழந்தை உறங்கும்போதோ விளையாட்டில் மூழ்கியிருக்கும்போதோ சொல்லாமல் நழுவிச் செல்லாதீர்கள். அழுதாலும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். அழுகை சிறிது நேரத்தில் அடங்கும். சொல்லாமல் மறைந்தால், அடுத்த முறை நீங்கள் எழுந்தாலே குழந்தை அஞ்சும்.

• ‘அம்மா கடைக்குப் போயிருக்கிறாள்’ என்று கூறி நாட்களைக் கடத்த வேண்டாம். ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறார்கள், பாட்டி உன்னோடு இருப்பார்’ என்று சின்னஞ்சிறு சொற்களில் உண்மையைக் கூறுங்கள்.

• மணிக்கணக்கு குழந்தைக்கு விளங்காது. ‘இரண்டு இரவு தூங்கி எழுந்தபின்’, ‘சாப்பிட்டு முடித்ததும்’ என்று அது அறிந்த நிகழ்வுகளால் காலத்தைச் சுட்டுங்கள். உறுதியாகத் தெரியாத நாளைச் சொல்லாதீர்கள்.

• ஊசி வலிக்காது என்று கூற வேண்டாம். ‘கொஞ்சம் வலிக்கும், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன்’ என்பது உண்மையும் ஆகும், துணையும் ஆகும். ‘அழுதால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார்’ என்று அச்சுறுத்துவதை அறவே தவிருங்கள்.

• தாய் உடுத்திய பழைய புடவையையோ துப்பட்டாவையோ குழந்தையின் படுக்கையில் வையுங்கள். பழகிய மணம் ஆறுதல் தரும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பின், முன்னதாகச் செவிலியரிடம் ஒப்புதல் பெறுங்கள்.

• வீடு திரும்பியபின் சில நாட்கள் குழந்தை உங்களை அணுகாமல் ஒதுங்கலாம். அல்லது நொடியும் விடாமல் ஒட்டிக்கொள்ளலாம். சினம் கொள்ளாமல் பொறுத்திருங்கள். உண்ணாமை, உறங்காமை, பேச்சுக் குறைதல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் குழந்தை மருத்துவரை அணுகுங்கள்.

இறுதியாக, உடனிருப்போர்க்கு ஒரு சொல். உங்கள் கவலையைத் தனியே சுமக்க வேண்டியதில்லை. பக்கத்துப் படுக்கையின் அருகில் அமர்ந்திருக்கும் தாயும் நேற்றிரவு உறங்கியிருக்கமாட்டார். அவரிடம் குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.